துருக்கிக்குப் பின்னால் இருந்த விரிசல்

பாய்,

காலையிலிருந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். போவேனா என்கிறது. கரிசல் ஈரமாக இருந்தால் பசை, காய்ந்தால் கல். நடக்க நடக்க அடியில் ஒவ்வொரு அடுக்காகச் சேர்ந்து ஆளையே இரண்டு விரற்கடை உயர்த்திவிடுகிறது. நான் வாடகைக்கு இருக்கும் இந்தப் பெரம்பலூர் மாடி வீட்டின் படிக்கட்டு முழுக்க உங்கள் ஊர் மண்தான். கீழ்வீட்டு அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த மண்ணுக்கு ஒரு வாடை உண்டு. பழைய பருத்தி வேர் அழுகிய வாடை. மழை பெய்த மறுநாள் காலையில் எழும். முகர்ந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

இந்த மண் உங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித் தோண்டியிருக்கும் குழியிலிருந்து வந்தது. ஆமாம், லப்பைக்குடிக்காட்டில் உங்கள் வீட்டுக்குக் கீழே தோண்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் என்னை அந்த வீட்டுப் பக்கமே விட்டிருக்கமாட்டீர்கள். பதினோரு வருடம் விடவில்லையே. ஏன் விடவில்லை என்பது எனக்கு ஐப்பசி மாதம்தான் தெரிந்தது. அது தெரியாமல் அத்தனை வருடமும் உங்களைப் பற்றி நான் மனதில் ஒன்று வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன். சேரும் என்றிருந்தால் எழுதத் துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஷார்ஜாவில் நாம் முதலில் பேசியது நினைவிருக்கிறதா? நான் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் ஆள், நீங்கள் ஒப்பந்தக்காரரின் சென்ட்ரிங் ஃபோர்மேன். ஏழாவது மாடியில் படிக்கட்டு இரண்டு அங்குலம் தள்ளி நின்றிருந்தது. நான் இங்கிலீஷில் ஆரம்பித்து, கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் புரியாது என்று தைரியம். நீங்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டீர்கள்.

"சார், நீங்க பெரம்பலூர் பக்கமா?"

"எப்படித் தெரியும்?"

"நீங்க திட்டுனது, நம்மூர்ல மாடு வெங்காயக் கொல்லையில எறங்கிட்டா திட்டுவாங்களே, அப்படியே இருந்துச்சு."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிபட்டது போலத்தான் இருந்தது. செட்டிகுளம் பக்கத்தில், ஊருக்கு வெளியே தனியாக இருந்த எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, சென்னையில் படித்து, கடல் தாண்டி வந்து, கோட்டு போட்டு நின்றால், ஒரு வசவு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் நீங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, நிலம் எவ்வளவு என்று நம்மூர்க்காரர்கள் வரிசையாகக் கேட்கும் கேள்விகள் ஒன்றுகூட வரவில்லை. "சாப்பிட்டாச்சா சார்?" என்றீர்கள். ஒரு மாதம் போனதும், ஆள் இல்லாத இடத்தில் நான் உங்களுக்கு 'மாப்ள' ஆனேன். ஆள் இருக்கும் இடத்தில் கடைசிவரை 'சார்'தான்.

ஊருக்குத் திரும்பி வந்தபின் எல்லோரும் என்னிடம் கேட்பது, எத்தனை நாடு பார்த்திருப்பீர்கள் என்றுதான். பதினேழு என்கிறேன். வாயைப் பிளக்கிறார்கள். பதினேழு விமான நிலையம், பதினேழு ஓட்டல் அறை, பதினேழு மீட்டிங் மேசை என்று சொன்னால் பிளந்த வாய் மூடிவிடும் என்பதால் அதைச் சொல்வதில்லை. முப்பது வருடத்தில் நான் உண்மையாகப் பயணம் செய்தது உங்களோடு போனதுதான். கல் பார்க்கப் போனவை.

வெளியாட்களுக்கு இது விளங்காது. பெரிய கட்டடத்துக்குத் தரையில் போடும் பளிங்கைக் கடையில் வாங்குவதில்லை. எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த மலைக்கே ஆர்க்கிடெக்டை அனுப்பிவிடுவார்கள். நாம் போய் வெட்டி வைத்த பாறைகளைப் பார்த்து, பிடித்ததன்மேல் பெயிண்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். முதல்முறை துருக்கிக்குப் போனபோது ஒப்பந்தக்காரர் தரப்பில் நீங்கள் வந்தீர்கள். மலை உச்சியில் பனி. நீங்கள் கம்பளித் தொப்பிக்குமேல் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு பாறை பாறையாக நடந்தீர்கள். நான் நிறத்தைப் பார்த்தேன். நீங்கள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தீர்கள். கல் காய்ந்தபின்னும் ஒரு கோடு மட்டும் காயாமல் ஈரமாக நின்றால் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். நான் ஆசையாகக் கையெழுத்துப் போட்ட நான்கு பாறையில் மூன்றை நீங்கள் கழித்துக் கட்டினீர்கள்.

"நம்ம அரியலூர்லயும்தான் வெடி வச்சுக் கல்லு எடுக்கறான். அதப் பாக்க எவன் மாப்ள ப்ளேன் ஏறி வர்றான்?" என்றீர்கள். "நம்ம கல்லப் பொடியாக்கி சிமெண்டு மூட்டையில கட்டிப்புடுறான். இவன் பாலீஷ் போட்டுப் பெரிய மனுசனாக்கிட்டான்."

அதற்குப் பிறகு எந்தக் கல் என்றாலும் உங்களையும் அனுப்பச் சொல்லி நானே எழுதிக் கேட்டுவிடுவேன். எகிப்து, இத்தாலி, ஓமான், மறுபடி துருக்கி. வேலை முடிந்து ஒருநாள் மிச்சமிருந்தால் ஊர் சுற்றுவோம். வெளிச்சாப்பாடு ஹலாலோ என்னவோ என்று நீங்கள் ஓட்டல் அறைக் கெட்டிலில் முட்டை அவிப்பீர்கள். இத்தாலியில் அந்தக் கெட்டில் பொசுங்கி மணி அடித்து, மூன்று மாடிக்காரர்களும் ராத்திரி உடுப்போடு தெருவில் நின்றார்கள். நீங்கள் அவர்கள் நடுவில் கையில் முட்டையோடு நின்றீர்கள். "பாதி வெந்துருச்சு மாப்ள, வீணாக்கக் கூடாது" என்று அங்கேயே உரித்து எனக்குப் பாதி கொடுத்தீர்கள். கெய்ரோவில் பழைய பள்ளிவாசல் ஒன்றின் கோபுரத்தை நான் படம் எடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் குனிந்து சுவரின் அடியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். மேலே பார்க்க நான், கீழே பார்க்க நீங்கள். "கட்டடம் பொய் சொன்னா அடியிலதான் மாட்டிக்கும்" என்பீர்கள்.

இதெல்லாம் தெரிந்த மனிதர்தான் என்னிடம் வீடு வரைந்து கேட்டார்.

இஸ்தான்புல்லில், படகில், கையில் தேநீர்க் குவளையோடு கேட்டீர்கள். "மாப்ள, ஊர்ல ஒரு எடம் வாங்கியிருக்கேன். ஊருக்குக் கடைசி. முன்னால பருத்திக் கொல்லையா இருந்தது. ஒரு வூடு வரைஞ்சு குடு. பெருசெல்லாம் வேணாம். பின்னாடி ரூம்ல சன்னலத் தொறந்தா வெள்ளாறு தெரியணும், அவ்வளவுதான்."

இருபது வருடப் பழக்கத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. வீடுதானே, வரைந்து தருகிறேன் என்றேன். வரைந்தது எங்கே தெரியுமா? உங்களிடம் சொன்னதில்லை. தோஹா விமான நிலையத்தில், அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருந்தது. அதில் வரைந்தேன். நாற்பது மாடிக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்பவன், உங்கள் வீட்டுக்கு நான்கு மணி நேரம் கொடுத்தேன். சன்னலும் வெள்ளாறும் நன்றாகத்தான் வந்திருந்தன. அஸ்திவாரத்துக்கு வந்தபோது, அந்த வருடம் வேறு எதற்கோ போட்டிருந்த விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். மூன்றரை அடி ஆழம். வளைகுடா மணலுக்கு அது தாராளம். மனையைப் போய்ப் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் மழைக்குப் பிறகு முளைத்த புல் தெரிந்தது, மண் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பார்த்திருப்பேனா?

நீங்களும் ஷார்ஜாவில் இருந்துகொண்டு போனிலேயே வீடு கட்டினீர்கள். நம்மாட்கள் எல்லோரும் அப்படித்தானே கட்டுகிறார்கள். வேலையை எடுத்தவர் ஏலாக்குறிச்சியிலிருந்து வந்து தங்கிய சவரிமுத்து மேஸ்திரி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்த இரண்டாம் நாள் அவர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மாப்ள, மேஸ்திரி ஒண்ணு சொல்றாரு. இது கரிசலாம். மூணரை அடி பத்தாதாம். ஆளு உசரத்துக்குத் தோண்டி, கிராவல் கொட்டி இடிச்சு, அதுக்கு மேலதான் கடக்கால் எடுக்கணுங்கறாரு."

நான் அப்போது ஒரு மீட்டிங்கின் நடுவில் இருந்தேன். என்ன சொன்னேன் என்பது வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "பாய், கடல மூடி அதுமேல நாப்பது மாடி நிறுத்தியிருக்கேன். ஏலாக்குறிச்சிக் கொத்தனாரு எனக்குக் கடக்கால் சொல்லித் தர்றாரா? வரைஞ்சபடி கட்டச் சொல்லுங்க."

நீங்கள் "சரி மாப்ள" என்றீர்கள்.

என்னைவிட அந்த மண்ணைத் தெரிந்தவன் யார் பாய்? எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கூடை மண் கிடையாது. ஆனால் மூன்று தலைமுறை அதில்தான் குனிந்து கிடந்தது. பருத்தி எடுக்கப் போகும் அம்மாவின் பின்னால் நான் நடந்திருக்கிறேன். சித்திரையில் நிலம் வெடித்து, என் கால் முட்டிவரை உள்ளே போகும். ஐப்பசியில் அதே நிலம் புளித்த மாவு போல உப்பி, வெடிப்பு இருந்த தடமே தெரியாது. மூச்சு விடும் மண் அது. அதன்மேல் எது நின்றாலும் தூக்கிப் போடும், இறக்கிப் போடும். இதைப் படிக்கக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை, என் ஆறு வயதுக் காலுக்கே தெரியும். படித்து, பறந்து, அந்தக் காலைத்தான் நான் முதலில் மறந்தேன். மறக்கவேண்டும் என்றுதான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வீடு கட்டி முடிந்தது. குடிபோனீர்கள். "எப்படி இருக்கு பாய்?" என்பேன். "அருமையா இருக்கு மாப்ள. சன்னலத் தொறந்தா ஆறு" என்பீர்கள். லீவில் நான் பெரம்பலூர் வந்தால், உங்களுக்கும் லீவு என்றால், வீட்டுக்கு வருகிறேன் என்று போன் செய்வேன். "வூட்ல பெயிண்ட் அடிக்கறாங்க மாப்ள, நான் வரேன்" என்று நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். அடுத்த வருடம் விருந்தாட்கள் வந்திருப்பார்கள். அதற்கடுத்த வருடம் வீட்டம்மாவுக்குக் காய்ச்சல். என் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பீர்கள்! ஒருமுறைகூட உங்கள் வாசல்படியை நான் மிதிக்கவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சந்தேகம் சீக்கிரம் வந்துவிடும். சின்ன வயதில் பல வீடுகளின் வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தும் பார்க்காததுபோலப் போனவர்கள் உண்டு. அதனால் மூன்றாவது வருடம் எனக்குத் தோன்றிவிட்டது. பாயும் இவ்வளவுதான். ஷார்ஜாவில் மாப்ள, லப்பைக்குடிக்காட்டில் வாசலுக்கு வெளியே. அண்டை அயலார் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறார். உங்கள் மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்று தெரியும். ஆனாலும் ஊர் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். ஒருமுறை நினைத்த பிறகு, நீங்கள் சொன்ன ஒவ்வொரு சாக்கும் அதற்குச் சாட்சியாக வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டு நீங்கள் இல்லை என்றால் நான் நம்பமாட்டேன், ஆமாம் என்றால் தாங்கமாட்டேன். அதனால் சும்மா சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே ஒரு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

இருவரும் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தபின், வைகாசியில் நீங்கள் தூக்கத்திலேயே போனீர்கள். நான் வந்தேன். தெருவில் போட்டிருந்த பந்தலில் மற்றவர்களோடு நின்று, கபர்ஸ்தான்வரை நடந்து, ஒரு பிடி மண் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அன்றும் உள்ளே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. நானாகத்தான் போகவில்லை.

ஐப்பசியில் நாலுநாள் அடைமழை. ஐந்தாம் நாள் உங்கள் வீட்டம்மா போன் செய்தார்.

"தம்பி, பின்னாடி ரூம் செவுரு வவுத்தத் தள்ளிட்டு நிக்குது. எனக்கும் பொண்ணுக்கும் படுக்கப் பயமா இருக்கு. ஒருதரம் வந்து பாத்துச் சொல்லுங்க. இந்த வூட்ல இருக்கலாமா, கூடாதா?"

வந்தேன். "உள்ள வாங்க தம்பி, ஏன் வாசல்லயே நிக்கறீங்க?" என்று அவர் சொல்லும்வரை நான் வாசலில்தான் நின்றிருந்தேன் என்பதை நானே கவனிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது நம்மை. சுவர் முழுக்க நாம்தான். பனி மலையில் தலையில் துண்டோடு நீங்கள். கெய்ரோ பள்ளிவாசல் வாசலில் நாம் இருவரும். இத்தாலியில் வெள்ளைப் பாறைமேல் உட்கார்ந்து நான் ஆப்பிள் கடிப்பது. இஸ்தான்புல் படகு. சின்னதும் பெரியதுமாகக் கண்ணாடி போட்ட படங்கள். ஆனால் எந்த ஒழுங்கிலும் இல்லை. ஒன்று தரைக்கு இரண்டடி மேலே, ஒன்று சன்னல் மூலையில் கோணலாக, ஒன்று விட்டத்தை ஒட்டி. படம் மாட்டத் தெரியாதவரா நீங்கள் என்று நினைத்துக்கொண்டே அந்த அறைக்குப் போனேன்.

உங்கள் வீட்டம்மா பனி மலைப் படத்தைக் கழற்றினார். பின்னால் என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிசல்.

"இந்தத் துருக்கிக்குப் பின்னாடி இருக்கறதுதான் தம்பி இந்த மழையில பெருசாயிருச்சு. எகிப்துக்குப் பின்னாடி முடி கணக்காதான் இருக்குது. இத்தாலிக்குப் பின்னாடி வருசாவருசம் சிமெண்டு வச்சுப் பூசுவாங்க, கோடையில திரும்ப வாயத் தொறந்துரும். மழை வந்தா இந்தக் கதவு பூட்டாது. வெயில் வந்தா தானாத் தொறந்துக்கும்."

விரிசல்களை நாட்டின் பெயர் வைத்து அழைக்கும் ஒரு குடும்பத்தை நான் பார்த்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"அவுங்க ஹயாத்தோட இருந்தவரைக்கும் உங்க காதுல விழக்கூடாதுன்னுட்டாங்க. நீங்க வரேன்னு போன் பண்ணுனா ஆளு தவிச்சுப் போயிருவாங்க. 'அவன் எவ்வளவோ கட்டுனவன். இதப் பாத்தா ஒடஞ்சு போயிருவான். நானே போயிப் பாத்துக்கறேன்'னு சட்டைய மாட்டிட்டுக் கெளம்பிருவாங்க."

அவரே தொடர்ந்தார். "உங்க மேல என்ன தம்பி தப்பு? அந்தச் சவரிமுத்து மேஸ்திரிதான். கம்பியில கைய வச்சுட்டான், சிமெண்டக் கொறைச்சுட்டான்னு ஊரே பேசுச்சு. அப்புறம் இங்க அவருக்கு யாரும் வேலை குடுக்கல."

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. மேஸ்திரிமேல் தப்பில்லை என்று நீங்கள் வாயைத் திறந்தால், அடுத்த கேள்வி அப்படியென்றால் யார்மேல் என்பது. அதற்காகவே நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நியாயமான மனிதர் நீங்கள். அந்த ஒரு அநியாயத்தை எனக்காகச் செய்தீர்கள்.

"தப்பு மேஸ்திரிமேல இல்லக்கா, என்மேல" என்று ஆரம்பித்து போன் விஷயம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழற்றிய படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "இத மொதல்ல மேஸ்திரிகிட்டப் போயிச் சொல்லுங்க தம்பி" என்றார்.

மறுநாள் பஸ் ஏறி அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஏலாக்குறிச்சி. மாதா கோயிலுக்கு வந்தவர்கள் பாதி பஸ். இடமில்லாமல் நின்றுகொண்டே போனேன். முப்பது வருடம் விமானத்தில் சன்னலோரம் கேட்டு வாங்கியவனுக்கு அந்த ஒரு மணி நேரம் தேவையாகத்தான் இருந்தது. சவரிமுத்து மேஸ்திரி நம் வயதுதான். ஒரு கண்ணில் புரை. நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"நீங்க சொன்னதுதான் சரி மேஸ்திரி. நான்தான் கேக்கல. மன்னிச்சுக்கங்க."

"எனக்குத் தெரியுங்களே" என்றார். "பாய் லீவுக்கு வர்றப்பல்லாம் இங்க வந்துட்டுத்தான் போவாரு. 'மேஸ்திரி, உங்க பேரக் கெடுத்துட்டேன்'னு அந்த நாக்காலியிலதான் உக்காந்து அழுவாரு. வேற ஊர்ல நாலு எடத்துல வேலையும் சொல்லி விட்டாரு. நான் அவர என்னைக்கோ மன்னிச்சுட்டேங்க."

"என்னை?"

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? லப்பைக்குடிக்காட்டு டீக்கடையில வச்சுல்ல என்னயத் திருடன்னாங்க. அங்க வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கூட்டம் டீக்கடைக்கு வரும் நேரம் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் மேஸ்திரி நின்றார். இருநூறு பேர் உட்கார்ந்த அரங்குகளில் மூச்சு முட்டாமல் பேசியிருக்கிறேன். அந்த இருபது பேர்முன் முதல் வார்த்தையையே இரண்டு தடவை ஆரம்பித்தேன். வரைஞ்சது நான், ஆழத்தைக் குறைச்சது நான், வேணாம்னு இவர் சொன்னப்ப கேக்காதது நான் என்று சொல்லி முடித்தேன். பெரிதாக ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கதான் அவசரப்பட்டுப் பேசிட்டோம், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இன்னொருவர் என்னைப் பார்த்து, "ஆனைக்கும் அடி சறுக்கும் சார், டீ சாப்புடுங்க" என்றார். அவ்வளவுதான். நீங்கள் பதினோரு வருடம் காத்த ரகசியம் ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. முன்னமே சொல்லியிருக்கலாமே பாய்! என்னை இவ்வளவு பூஞ்சையாகவா நினைத்தீர்கள்? பூஞ்சைதான். நீங்கள் நினைத்தது சரிதான்.

மண் காயட்டும் என்று தை வரை பொறுத்து வேலையை ஆரம்பித்தோம். சவரிமுத்து மேஸ்திரிதான் எடுத்துச் செய்கிறார். சுவர் ஓரமாக நாலடி தோண்டி, வெடிக்காத மண் வரும்வரை இறங்கி, காங்கிரீட் போட்டு இறுகியபின் அடுத்த நாலடி. ஒரே மூச்சில் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். வீடு பிழைத்துக்கொள்ளும் என்கிறார் மேஸ்திரி. இந்த வீட்டில் பயமில்லாமல் இருக்கலாம் என்று உங்கள் வீட்டம்மாவிடம் நானும் சொல்லிவிட்டேன். இந்த முறை என் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

நேற்று முன்தினம் ராத்திரி பருவம் தப்பி ஒரு மழை. நேற்று மதியம், மேஸ்திரி குழிக்குள் இடுப்பளவில் நின்று தண்ணீரை இறைத்துக்கொண்டே சொன்னார்.

"பாய் கடைசியா எங்க வூட்டுக்கு வந்தது மாசிக் கடைசி. 'மேஸ்திரி, போதும். பங்குனி வெயில்ல வெடிப்பு நல்லா வாயத் தொறந்திருக்கும். சாரக் கூட்டியாந்து காட்டிடப் போறேன். மூணு பேருமா உக்காந்து என்ன பண்ணலாம்னு பாப்போம். அவன் என்னயக் கோவிச்சுக்க மாட்டான்'னாரு. நானும் காத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஏங்க நீங்க வரல?"

பங்குனியில் நீங்கள் கூப்பிட்டீர்கள் பாய். "மாப்ள, நாளைக்கு வூட்டுக்கு வா. பிரியாணி ஆக்கச் சொல்லிட்டேன். பஸ்ஸ வுட்டு எறங்கறப்ப நான் நிப்பேன்" என்றீர்கள். பதினோரு வருடத்தில் முதல் அழைப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிழவனாகி, இனிமேல் யார் பார்த்தால் என்ன என்ற நிலைமை வந்தபிறகுதான் கூப்பிடத் தோன்றியதா என்று நினைத்தேன். "முட்டிவலி பாய், பஸ் ஏற முடியல" என்றேன். "சரி மாப்ள, நல்லெண்ணெயச் சூடு பண்ணித் தேயி. கொறஞ்சதும் ஒரு போன் போடு" என்றீர்கள். அப்புறமும் இரண்டு தடவை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். இரண்டு தடவையும் இன்னும் விடவில்லை என்றேன். அதற்குள் வைகாசி வந்துவிட்டது.

மேஸ்திரி குழியிலிருந்து அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் அத்தனை பேர்முன் பேசிய வாய்க்கு, அவர் ஒருவரிடம் இதைச் சொல்ல வரவில்லை. "ஒடம்பு சரியில்ல மேஸ்திரி" என்றேன். அவர் நம்பித் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

வீட்டில் செய்த தப்பு வெளியே வந்துவிட்டது, அதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னாலும் தீராது, ஊரைக் கூட்டிச் சொன்னாலும் தீராது. உங்களிடம்தான் சொல்லவேண்டும், சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு எனக்கு முட்டி வலிக்கவில்லை பாய். வந்திருக்கலாம்.